இட்லிக்குக் கீழே ஒரு வரி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகிற பஸ் வழியில் செங்கமடையில் நின்றுதான் போகும். செங்கமடை ஒரு பேரூராட்சி. அதனால் அங்கே ஒரு தலைவர், ஒரு செயல் அலுவலர், வார்டுக்கு ஒரு மெம்பர் எல்லாம் உண்டு. பஸ் ஸ்டாண்டும் உண்டு. பஸ் ஸ்டாண்டின் மூலையில் வெள்ளை ஓடு பதித்து, நீலப் பெயிண்ட் அடித்து, ஒரு பக்கம் 'ஆண்கள்', மறுபக்கம் 'பெண்கள்' என்று அழகாக எழுதி, இரண்டு பக்கமும் பெரிய பூட்டுத் தொங்கும் கழிப்பறை ஒன்றும் உண்டு.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து வந்த புதிய மன்றத்தின் முதல் சாதனை அதுதான். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். வெட்டிய கையோடு பூட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் தேசிய கீதம் பாடுகிற நேரம்தான் இருந்தது.

கழிப்பறைக்கு நேர் எதிரே சுந்தரம்மாளின் இட்லிக்கடை. சுந்தரம்மாளுக்கு அரசியல் கிடையாது. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது மறுநாள் மாவாட்டும்போதே அவளுக்கு மறந்துவிட்டது. அவளுக்கு இருந்த ஒரே தொந்தரவு, பஸ்ஸைவிட்டு இறங்கியவர்களெல்லாம் நேரே அவளிடம் வந்து நிற்பதுதான்.

"ஏம்மா, சாவி ஒங்ககிட்டயா இருக்கு?"

"இல்லய்யா."

"பொறவு யார்கிட்ட இருக்கு?"

இட்லி ஊற்றும்போது கேட்பார்கள். சட்னி தாளிக்கும்போது கேட்பார்கள். ஒருநாள் அய்யனார் கோவில் அருவியில் குளிக்கப் போய்த் திரும்பிய வேன் கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து கேட்டது. அவள்தான் பூட்டி வைத்திருப்பதுபோல முறைத்துவிட்டு, ஒரு இட்லிகூடத் தின்னாமல் வேனில் ஏறிப் போய்விட்டது. அன்றைக்கு மிஞ்சிய மாவைப் பார்த்து சுந்தரம்மாள் ஒரு முடிவெடுத்தாள். கடை வாசலில் தொங்கிய கரும்பலகையில் இட்லி, தோசை, ஞாயிறு மட்டும் பூரி என்று எழுதியிருந்ததற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

"எதிரே உள்ள கழிப்பறை பூட்டியிருக்கும். என்னிடம் கேட்க வேண்டாம்."

எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வந்தவர்கள் படித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டைப் பார்த்து நடந்தார்கள். சுந்தரம்மாள் நிம்மதியாக இட்லி ஊற்றினாள்.

மறுநாளே பேரூராட்சி பியூன் கண்ணுச்சாமி வந்துவிட்டார்.

"அக்கா, ஒங்கள ஈ.ஓ. சார் கூட்டியாரச் சொன்னாவ. தலைவரும் இருக்காவ."

"எதுக்குண்ணே?"

"தெரியல. ரெண்டு பேரும் காலைல இருந்து காப்பி குடிக்கல. அம்புட்டுக் கோவம்."

செயல் அலுவலர் காசிராஜன் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தலைவர் தவசிமுத்து, காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணி நெய்கிற கம்பெனியின் முதலாளி. சட்டையில் கஞ்சி அதிகம். கையை மடக்கினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும்.

"இந்தாம்மா, ஒன் போர்டு விலைப்பட்டியல்தான?" என்று காசிராஜன் ஆரம்பித்தார்.

"ஆமா சார்."

"விலைப்பட்டியல்ல இருக்கறதெல்லாம் விற்பனைப் பொருள். அதுல கழிப்பறைய எழுதியிருக்க. கழிப்பறை பேரூராட்சிச் சொத்து. ஏலம் விடாம அத யாரும் விக்க முடியாது."

"நான் விக்கல சார். பூட்டியிருக்குன்னுதான் எழுதுனேன்."

"பூட்டியிருக்குன்னு எழுதினா தொறக்கலன்னு ஒரு அர்த்தம் வருதுல்ல?"

"வருது சார்."

"அந்த அர்த்தம் வரப்படாது."

சுந்தரம்மாள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். வேறு எப்படி எழுதினாலும் அந்த அர்த்தம்தான் வரும்போலத் தெரிந்தது. "அப்ப தொறந்து விட்டிருங்களேன் சார்" என்றாள். எதிர்த்துப் பேசவேண்டும் என்றெல்லாம் இல்லை. அவளுக்கு அதுதான் சுலபமாகப் பட்டது.

தலைவர் தவசிமுத்து எழுந்தார். அவருக்கு உட்கார்ந்து பேச வராது. ஒரே ஒரு ஆள் எதிரே இருந்தாலும் எழுந்து, தொண்டையைச் செருமி, மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"மாவட்டத்திலேயே சுத்தமான கழிப்பறைக்கு வருஷா வருஷம் ஒரு கேடயம் குடுக்காவ. நம்ம கழிப்பறை கட்டுன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே இருக்கு. காரணம் என்ன? ஒரு பய உள்ள கால் வைக்கல. பக்கத்து ஊருல கட்டித் தொறந்து விட்டாம்ல, என்ன ஆச்சு? ஜனங்க உள்ள போயிட்டாவ. இப்ப அத கண்கொண்டு பாக்க முடியுதா? பொதுமக்களுக்காகக் கட்டுன ஒண்ணப் பொதுமக்கள்கிட்ட இருந்து காப்பாத்துறதுதாம்மா நிர்வாகம்."

"அப்ப கேடயம் வாங்குனப்பொறவு தொறப்பீங்களா சார்?"

"அடுத்த வருஷமும் கேடயம் உண்டும்மா."

சுந்தரம்மாள் தெளிவடைந்து திரும்பினாள். பூட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது தெரியாமல் எழுதியது தன் தப்பு என்று அவளுக்கு உண்மையிலேயே பட்டது. பழைய வரியை அழித்துவிட்டு, யாருக்கும் மனவருத்தம் வராதபடி புதிதாக எழுதினாள்.

"கழிப்பறை பரிசுக்காகப் பூட்டியிருக்கிறது. பரிசு வருஷா வருஷம் உண்டு."

பக்கத்துக் கடை ஜமால் முகமதுவுடையது. எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்தார். போன் பேச வருகிறவர்கள் பாதிப் பேச்சில் காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டு ஓடிப்போவதால் அவருக்கும் கழிப்பறைமேல் ஒரு கண் இருந்தது. பலகையைப் படித்தார். உள்ளே போய் அதை அப்படியே ஒரு தாளில் எழுதினார். ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்தார்.

"பாய், எதுக்கு இது?" என்றாள் சுந்தரம்மாள்.

"மிஷின் சும்மாதான நிக்கிது" என்றார் அவர்.

கண்டக்டர் ஒருவர் ஒரு தாளை வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார். சாயந்தரத்துக்குள் அது இராஜபாளையத்தில் மில் வாசல்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வரிசைகளிலும் படிக்கப்பட்டது. அடுத்த நாள் பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் தலைகள் நீண்டன. "இன்னைக்கி என்ன எழுதியிருக்காவ?"

தினமும் ஒரு வரி வேண்டுமென்று ஆகிவிட்டது. சுந்தரம்மாளுக்குக் கற்பனையாக எழுத வராது. விடியற்காலையில் மாவுச் சட்டியோடு நடந்து வரும்போது கண்ணில் பட்டதை எழுதினாள். "கிழக்குத் தெரு விளக்கு பகலில் எரிகிறது. இரவில் ஓய்வெடுக்கிறது." அன்று மாலையே ஏணியோடு ஆள் வந்துவிட்டான். "பள்ளிக்கூடத் தெருக் குழாயில் நேற்றுத் தவளை வந்தது. தண்ணீர் வரவில்லை." மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்தது. வருடக்கணக்காக மனுக் கொடுத்தும் அசையாத பேரூராட்சி, தோசைக்குக் கீழே எழுதினால் அசைவது எப்படி என்று அவளுக்குப் புரியவேயில்லை. மனுவில் எண்ணெய் வாசம் இல்லாததுதான் குறையோ என்று ஜமால் முகமதுவிடம் கேட்டாள்.

இதற்குள் மெம்பர்களே கடையின் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் வந்து பக்கத்து வார்டில் சாக்கடை நாறுவதை எழுதச் சொல்வார். அவர் போனதும் பக்கத்து வார்டு மெம்பர் வந்து முன்னவர் வார்டு நாற்றத்தைச் சொல்வார். சுந்தரம்மாள் இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் இரண்டு நாற்றத்தையும் எழுதினாள்.

பேரூராட்சி அவசரக் கூட்டம் கூடியது. சுந்தரம்மாளைச் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் கண்ணுச்சாமி எழுந்து அன்றைய பலகையை வாசித்தார். இட்லி, தோசையிலிருந்தே வாசித்தார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

"அந்த போர்டு சொல்றது பொய்தான?" என்றார் ஒரு மூத்த மெம்பர்.

காசிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். "பொய்யா இருந்தா சுலபமாப் போயிருக்கும் சார். கேஸ் போட்டிருக்கலாம். இது எல்லாம் நடந்ததாத்தான் இருக்கு. அதான் சிக்கல்."

"நடந்தத எழுத இவுகளுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று சீனியம்மாளின் வீட்டுக்காரர் மேசையைத் தட்டினார். சீனியம்மாள்தான் பெண்கள் வார்டில் ஜெயித்த மெம்பர். கூட்டத்துக்கு வருவது, பேசுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் வீட்டுக்காரர். சீனியம்மாள் கட்டுத்துணிக் கம்பெனியில் தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, பலகையைக் கண்காணிக்க ஒரு குழு. குழுவினர் தினமும் காலையில் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, பலகையை வாசித்து, வாரக் கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். "பலகை ஆட்சேபணைக்குரியது. சாம்பாரில் ஆட்சேபணை இல்லை. கண்காணிப்பைத் தொடர வேண்டும்" என்று அறிக்கை முடிந்தது.

இரண்டாவது, பேரூராட்சி வாசலில் 'உண்மை விளக்கப் பலகை' ஒன்று. அதில் ஒரு வரி ஏறவேண்டுமானால் கிளார்க் எழுதி, காசிராஜன் திருத்தி, தலைவர் ஒப்புதல் கொடுக்கவேண்டும். அவர் கல்யாணம் காதுகுத்துக்குப் போய்விட்டால் உண்மை அவருக்காகக் காத்திருக்கும். முதல் விளக்கம் இப்படி வந்தது: "கழிப்பறை பூட்டப்பட்டிருக்கவில்லை. சாவி போட்ட நிலையில் மூடப்பட்டுள்ளது." அடுத்தது: "குழாயில் வந்தது தவளை அல்ல, தேரை." ஜனங்கள் அதையும் ஆவலாகப் படித்தார்கள். ஜமால் முகமது அதையும் ஜெராக்ஸ் எடுத்தார்.

இந்த நிலையில்தான் கேடயத்துக்கான ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. முந்தின நாள் காசிராஜன் தானே கடைக்கு வந்தார். சாப்பிடவில்லை. அதனால் விஷயம் பெரிது என்று சுந்தரம்மாளுக்குத் தெரிந்தது.

"நாளைக்கு போர்டுல ஒரு வரி இருக்கப்படாது. ஒன் கடை நிக்கிறது பேரூராட்சி இடம். போர்டு இருந்தா கடை இருக்காது. பொறவு என்னச் சொல்லாத."

அவர் போனபின் சுந்தரம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் சோறு தின்பது அந்த அடுப்பில். மறுநாள் காலையில் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். கழிப்பறை போனது. கூடவே இட்லியும் தோசையும் போயின. எதில் எந்த அர்த்தம் வரும் என்று இப்போது அவளுக்கு நிச்சயமில்லை.

"என்ன மதினி, போர்டு மூளியா இருக்கு?" என்றாள் தறிக்குப் போய்க்கொண்டிருந்த சண்முகத்தாய்.

"ஆர்டர்" என்றாள் சுந்தரம்மாள். ஒரு வரிக்கு இப்படி வருத்தப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

கழிப்பறைக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் கதவு, நிலை, தாழ்ப்பாள் என்று எதையும் விடாமல் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பூட்டைக் கழற்றிச் சந்தனம் வைத்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். வெடி போட்டு ஜீப்பை வரவேற்றார்கள். கம்பெனிப் பெண்கள் உட்பட ஊரே கூடியிருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பெண் அதிகாரி. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து காலை முழுக்க ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு ஊரிலும் இளநீர், கலர், மோர் என்று கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் கழிப்பறையைக் காட்டினார்கள். போகத்தான் விடவில்லை. செங்கமடையில் மாலையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் நேரே 'பெண்கள்' பக்கம் நடந்தார்.

தவசிமுத்து குறுக்கே பாய்ந்தார். "மேடம், முதல்ல என் வரவேற்புரை."

"வந்து கேக்கறேன். நான் உள்ள போகணும்."

"பாக்கத்தான மேடம்?"

"போகணும்."

தலைவருக்கு வியர்த்தது. "ஒரு நிமிஷம் மேடம், நான் ஒரு தடவை பாத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அதிகாரி காசிராஜனைப் பார்த்தார். "உள்ள தண்ணி இருக்கா?"

"தண்ணி இரண்டாம் கட்டம் மேடம்."

"செப்டிக் டேங்க்?"

"அது மூணாம் கட்டம்."

"அப்ப முதல் கட்டம் எது?"

காசிராஜன் தட்டிலிருந்த பூட்டைப் பார்த்தார்.

அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் சுந்தரம்மாளுக்கு விளங்கிவிட்டது. எத்தனையோ முகங்களில் பார்த்த அவசரம். ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, கடைக்குப் பின்னாடி எங்க வீடுதான்." அதிகாரி ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே நடந்தார்.

அவர் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஈரப் பெயிண்ட்டில் தாழ்ப்பாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. தவசிமுத்து மேலேயிருந்த காற்றுத் துவாரத்தில் வாயை வைத்துப் பேசினார்.

"யோவ் காசிராஜா, கதவ ஒடைய்யா."

"அரசாங்கச் சொத்து சார். மன்றத் தீர்மானம் இல்லாம ஒரு ஆணி பிடுங்க முடியாது."

"அப்ப தீர்மானம் போடுய்யா."

"கூட்டத்துக்குத் தலைவர் தலைமை தாங்கணுமே சார்."

"நான் தாங்கிட்டுத்தான்யா இருக்கேன். எம்புட்டு நேரம் தாங்குவேன்னுதான் தெரியல. காலைல இருந்து நானும் எல்லாரோடயும் எளநி குடிச்சிருக்கேன்."

அதிகாரி கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். வெறும் பலகை அவர் கண்ணில் பட்டது. "ஏன் எதுவும் எழுதல?"

"எழுதப்படாதுன்னு ஆர்டர்ம்மா. எழுதினா கடைய எடுத்துருவாகளாம்."

"யார் சொன்னது?"

சுந்தரம்மாள் காசிராஜனைப் பார்த்தாள். காசிராஜன் வாழைமரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டு வெறும் பலகையைத் தேடின. ஒரு வயதான அம்மாள் அவசரமாக இறங்கி, வாழைமரத்தையும் கூட்டத்தையும் பார்த்துக் குழம்பி, சுந்தரம்மாளிடம் வந்தாள். "தாயி, இப்ப போலாமா?"

சுந்தரம்மாள் சாக்பீஸை எடுத்தாள். பெரிய எழுத்தில் எழுதினாள்.

"கழிப்பறையில் ஆள் இருக்கிறது."

பஸ்ஸில் எழுந்த சிரிப்பு காற்றுத் துவாரம் வழியாக உள்ளேயும் போயிருக்கவேண்டும். "என்னலே சிரிப்பு அங்க?" என்று கேட்டது. கண்டக்டர் விசில் அடிக்கவில்லை. பஸ்ஸும் நின்று பார்த்தது.

மன்றம் கழிப்பறை வாசலில் கூடியது. மெம்பர்களை எண்ணிப் பார்த்தபோது தீர்மானம் செல்லத் தேவையான எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைந்தது. சீனியம்மாளின் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார்.

"இவர் எந்த வார்டு?" என்றார் அதிகாரி.

"பெண்கள் வார்டு மேடம்."

அதிகாரி டீயைக் கீழே வைத்தார். "இவர் பேரு சீனியம்மாளா?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நாந்தாம்மா சீனியம்மா."

தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு அவள் முன்னால் வந்து நின்றாள். மெம்பர்கள் பலருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. காசிராஜன் தீர்மானப் புத்தகத்தை நீட்டினார்.

"ஏட்டி, சீக்கிரம் கையெழுத்தப் போடு" என்றார் வீட்டுக்காரர்.

"போடுதேன். மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்லா." எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள். துவாரத்திலிருந்து முனகல் கேட்டது. "கதவ ஒடைக்கன்னு மட்டும் இருக்கு. இதுல நான் கொஞ்சம் சேக்கணும்."

"விவாதம் நடத்தித்தான் திருத்தம்" என்றார் மூத்த மெம்பர்.

"விவாதம் வேண்டாம்" என்றது துவாரம். "சேத்துக்கோ தாயி, சேத்துக்கோ."

"தண்ணிக் குழாய் போடணும்."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"டேங்க் கட்டணும்."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"வாளியும் கப்பும்" என்று பின்னாலிருந்து சண்முகத்தாய் குரல் கொடுத்தாள். அவள் மெம்பர் இல்லை என்று யாரோ சொல்ல வாயெடுப்பதற்குள் அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சீனியம்மாள் சுந்தரம்மாளைப் பார்த்தாள். "மதினி, வேற என்ன?"

சுந்தரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஊரே அவளைப் பார்த்தது. "பஸ் ஓடுத நேரம் வரைக்கும் பூட்டப்படாது. யாரு போர்டுல என்ன எழுதினாலும் கடையில கை வைக்கப்படாது."

உள்ளே காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. தவசிமுத்து இரண்டு அவஸ்தைகளையும் எடைபோடுகிறார் என்பது வெளியே எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது துவாரம், அழாத குறையாக.

சீனியம்மாள் கையெழுத்துப் போட்டாள். அந்த மன்றத்தில் அவ்வளவு வேகமாக எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை. கண்ணுச்சாமி கடப்பாரையால் நெம்பினார். கதவு விழுந்தது. சட்டையெல்லாம் நீலப் பெயிண்ட்டோடு வெளியே வந்த தலைவர் வரவேற்புரை எதுவும் ஆற்றவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுந்தரம்மாள் வீட்டைப் பார்த்து ஓடினார். சுந்தரம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

எல்லோருக்கும் முன்னால் அதிகாரியே சாட்சியாக இருந்ததால் தீர்மானத்தை மறைக்க வழியில்லாமல் போனது. தண்ணீர் வந்தது. டேங்க் வந்தது. புதுக் கதவும் வந்தது. கம்பெனிப் பெண்கள் கருவேலங்காட்டுப் பக்கம் போவது நின்றது. திறந்துவைத்தது தன்னுடைய நெடுநாள் கனவு என்று தவசிமுத்து அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். 'உண்மை விளக்கப் பலகை' அதை ஆமோதித்தது.

கேடயம் செங்கமடைக்குக் கிடைக்கவில்லை. அதிகாரி எழுதிய அறிக்கையைப் படித்த மேலதிகாரிகள், மதிப்பெண் அட்டவணைப்படி தரையில் கால்தடம் இருந்தால் மார்க் குறையும் என்று சொல்லிவிட்டார்கள். கேடயம், கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு ஊருக்குப் போனது. அந்த ஊர்க் கழிப்பறையில் ஒரு தடம்கூட இல்லையாம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பஸ்ஸைவிட்டு இறங்கிய ஒரு பெண் நேரே எதிரே இருந்த கழிப்பறைக்குப் போனாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். கேடயம் வாங்கின அந்த ஊர்தான் அவளுக்கு. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிறாளாம்.

"அக்கா, இந்த மாதிரி போர்டு எங்க கெடைக்கும்?"

சுந்தரம்மாள் அவள் முன்னால் இலையைப் போட்டு இரண்டு இட்லியை வைத்தாள்.

"போர்டு எல்லாக் கடையிலயும் கெடைக்கும்மா. எழுத்த மட்டும் பெருசா எழுது. தலைவருமாருக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மட்டு."